பத்து நட்சத்திரத்துக்கு ஒரு ஜெலாத்தோ

என்ரை இஞ்சாருங்கோ,

உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, கடிதத்திலும் அது வரமாட்டேன் என்கிறது. நீங்கள் போய் மூன்று மாதமாகிவிட்டது. அந்தியேட்டிக் கிரியைக்கு வந்த சனமெல்லாம் அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். இத்தாலியில், சீசாப் பகுதியிலுள்ள இந்த மாடி வீட்டில் இப்போது நானும் ஆரணியும்தான். லிஃப்ட் இன்னும் திருத்தவில்லை, நாலு மாடியும் ஏறித்தான் வருகிறேன். மகளுக்கு மேல்பல் ஒன்று விழுந்துவிட்டது. அவள் சொல்லவில்லை, சாப்பிடும்போது நானாகத்தான் கண்டேன்.

அந்த நட்சத்திர அட்டை இன்னும் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. நான் வேலை செய்யும் சிஞ்ஞோரா வீட்டில், பேரப்பிள்ளை பல் தீட்டினால் நட்சத்திரம் ஒட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து நானும் ஒன்று கீறி ஒட்டினேன், நினைவிருக்கிறதா? ஒரு நாள் முழுக்க வீட்டில் தமிழில் கதைத்தால் ஒரு நட்சத்திரம். பத்துச் சேர்ந்தால் மொண்டெல்லோக் கடற்கரையில் ஜெலாத்தோ ஐஸ்கிரீம். இத்தாலியனில் கதைத்தால் அடியுமில்லை, ஏச்சுமில்லை. தமிழில் திருப்பிச் சொல்லும்வரை ஒருவரும் பதில் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். பிள்ளைக்கு நோகாத தண்டனை கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெரிய நினைப்பு.

நீங்கள் அதற்குச் சரிவரவேயில்லை. ஒரு நட்சத்திரமும் இல்லாத கிழமையிலும் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவீர்கள். இரண்டு பேரும் இத்தாலியனில் சிரித்துக் கதைத்துவிட்டு, ஜெலாத்தோ பட்ட சேட்டோடு வந்து கள்ள முழி முழிப்பீர்கள். கடைசியாக அப்படி வந்த அன்று நான் உங்களைச் சும்மா விட்டேனா?

"இப்பிடிச் செல்லம் குடுத்தா, கடைசியிலை அவள் எங்களோடையே கதைக்க மாட்டாள்" என்று கத்தினேன். "ஓமப்பா, இத்தாலியனிலை கேட்டா இனிப் பதில் சொல்ல மாட்டன்" என்றீர்கள். என் வாய்க்குப் பயந்துதான் சொன்னீர்கள்.

அடுத்த கிழமைதான் அந்தக் காலை வந்தது. நீங்கள் ஸ்ஃபெர்ராகவால்லோ ரெஸ்டோரண்ட் வேலைக்குப் புறப்பட்டுக் கதவில் கை வைத்தபோது, ஆரணி பால் குடித்த வாயோடு ஓடிவந்தாள். "ச்சாவ், பாப்பா" என்றாள், போயிட்டு வாங்கோ அப்பா என்பதை இத்தாலியனில். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. கழற்றத் தேவையில்லாத சப்பாத்தைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டு, அவள் தமிழில் சொல்லட்டும் என்று காத்து நின்றீர்கள். அவள் திரும்பவும் அதையேதான் சொன்னாள். பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. "போயிட்டு வாறன்" என்று சொல்லாமல் ஒரு நாளும் வாசல் தாண்டாத மனுசன், அன்று ஒன்றும் சொல்லாமல் போனீர்கள்.

ரெஸ்டோரண்ட் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்ற இடத்திலேயே விழுந்துவிட்டீர்கள் என்று மத்தியானம் ஃபோன் வந்தது. நெஞ்சடைப்பு என்றார்கள்.

இப்போது ஆரணி வீட்டில் ஒரு சொல் இத்தாலியன் கதைப்பதில்லை. கேட்டதற்கு மட்டும் நல்ல தமிழில் பதில் சொல்லுவாள், மேலே ஒன்றுமில்லை. படிக்கட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு இத்தாலியனில் சிரிப்பது நாலாம் மாடிவரை கேட்கும். எங்கள் கதவைத் திறந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். நான் ஆசைப்பட்டதெல்லாம் இதற்குத்தானா? சத்தியமாக, எனக்கு இந்த வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

முந்தாநாள் ஃபிரிட்ஜைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன், அட்டையில் ஓரம்வரை நட்சத்திரம். நான் ஒன்றும் ஒட்டவில்லை. அன்று பின்னேரம் அவள் உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். சொல்லைத் தேடித் தேடி, "அப்பா, எனக்குப் பல்லு விழுந்திட்டுது. நான் அழேல்லை" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு வந்து தானே ஒரு நட்சத்திரத்தை ஒட்டினாள்.

அவளைப் பிடித்து மடியில் இருத்தி, இனி நட்சத்திரம் வேண்டாம், விரும்பின பாஷையில் கதையம்மா என்று கெஞ்சினேன்.

"அப்பா செத்திட்டார் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "எண்டாலும் அண்டைக்கு நான் தமிழிலை சொல்லேல்லைத்தானே. அதாலைதான் அவர் போயிட்டு வாறன் எண்டு சொல்லேல்லை."

நான் தலையாட்டியதை அவள் காணவில்லை. அவளுக்குப் பின்னால்தானே நின்றேன். மூன்று மாதமாக அந்தப் பழியைத் தான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான், அவளும் என்னை வெறுத்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

ஆனாலும் உங்களுக்கு வாக்குத் தருகிறேன். நாளைக்கு அவள் பள்ளிக்கூடம் போகமுன், அதே கதவடியில் வைத்துச் சொல்லுவேன். அப்பா பதில் சொல்லத்தான் நின்றவர், மறித்தது அம்மா என்று. கேட்டுவிட்டு அவள் எனக்கு ஒரு பதிலும் சொல்லாமல் படியிறங்கிப் போகலாம். போகட்டும். அந்தத் தண்டனையை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான்தானே.

உங்களை வாய் திறக்கவிடாத,
ஆரணியின் அம்மா