பாவாவின் இடப்பக்கத்து வலி

பாவா,

இன்று காலை என் திருத்தணி கிளினிக்குக்குத் தசை இறுக்கம் அளக்கும் கருவி வந்து சேர்ந்தது. கடைசியில் சொந்தமாகவே வாங்கிவிட்டேன். பெட்டியைப் பிரித்து முதலில் என் முன்கையில் வைத்துப் பார்த்தேன். டக், டக் என்று அது தட்டியதும் உங்கள் முகம் கண்முன் வந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பவர்போல் உங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்த முகம்.

அப்போது நான் பிசியோதெரபி மேற்படிப்பில் இருந்தேன். வலி முடிச்சு விழுந்த இடத்தில் தசை எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளப்பதுதான் என் ஆய்வு. நீங்களோ பொதட்டூர்பேட்டை சாலையோர நிலத்தில் கரும்பும் கத்தரியும் போட்டிருந்தீர்கள். உங்கள் அண்ணன் வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அப்போது பார்த்து உங்களுக்கும் இடப்பக்க நெஞ்சில் வலி வந்தது. தோளுக்கு ஏறி, கையின் உள்பக்கமாகச் சுண்டுவிரல்வரை இறங்கும் வலி.

அரக்கோணத்தில் ஈசிஜி எடுத்தோம். சென்னைக்குப் போய் எக்கோ எடுத்தோம். டிரெட்மில்லில் நடக்கவிட்டும் பார்த்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். நீங்கள் நம்பவில்லை. "எங்கண்ணன்கூடத்தான் நல்லா இருந்தான். கல்லாட்டம் இருந்தான்" என்றீர்கள். பைக் எடுப்பதை விட்டீர்கள். மாடிப்படி ஏறுவதை விட்டீர்கள். உங்களுக்குப் பிறகு யாருக்கு எந்த நிலம் என்று சாப்பாட்டில் உட்கார்ந்துகொண்டு பேசினீர்கள். அதையெல்லாம் என் அக்கா பொறுத்துக்கொண்டாள். காலேஜில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த உங்கள் மகள் ரேவதிக்கு மணவூரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தீர்களே, அன்றைக்குத்தான் எனக்குப் போன் செய்து அழுதாள்.

"பொண்ணு படிப்ப நிறுத்தப் போறாராம்டா. 'நான் கண்ண மூடறதுக்குள்ள ஒருத்தன் கையில புடிச்சிக் குடுத்துடணும்'ங்கறாரு. எதுனா கேட்டா நெஞ்ச புடிச்சிகினு உக்காந்துக்கறாரு."

அந்த வாரக் கடைசியில் என் பேராசிரியரிடம் அனுமதி வாங்கிக் கருவியோடு ரயில் ஏறினேன். டார்ச் லைட் அளவுதான் இருக்கும். தசைமேல் நிமிர்த்தி வைத்தால் லேசாகத் தட்டும். தசை அதிர்ந்து அடங்கும் விதத்தைக் கொண்டு அதன் இறுக்கத்தையும் விறைப்பையும் எண்ணாகக் காட்டும். இதயத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதை இதய டாக்டர் சொல்லியாகிவிட்டது. அப்படியானால் வலிப்பது எது என்பதுதான் எனக்கு மிச்சமிருந்த கேள்வி.

முதலில் வலப்பக்கம் வைத்தேன். பிறகு இடப்பக்கம். விறைப்பு ஒன்றரை மடங்கு காட்டியது. நான்தான் சாய்த்து வைத்துவிட்டேனோ என்று திரும்பவும் வைத்தேன். மாறவில்லை. திரையை உங்களிடம் காட்டினேன்.

"இன்னாமோ சொல்லி என்னத் தேத்துறியா மச்சான்?"

காரை எலும்புக்குக் கீழே அக்குள் பக்கமாக விரலால் தடவினேன். கயிறுபோல் முறுக்கேறிய ஒரு பட்டை. அதில் காராமணி அளவுக்கு ஒரு முடிச்சு. அழுத்தினேன்.

"ஆங்! அதான்! அதே வலிதான்! சுண்டுவெரலு வரிக்கும் ஓடுது பாரு!"

விரலை எடுத்தேன். நீங்களே அந்த முடிச்சைத் தேடி அழுத்திப் பார்த்தீர்கள்.

"ஏம்மச்சான், வெரலால அமுக்கினா ஹார்ட்டு கைக்கு ஆப்டுமா?"

"ஆப்டாது பாவா."

"அப்போ இது ஹார்ட்டு இல்ல."

கதவோரம் நின்றிருந்த அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பூச்சிமருந்து டேங்கை முதுகில் மாட்டினால் எந்தக் கையால் பம்பு அடிப்பீர்கள் என்று கேட்டேன். "லெப்ட்டுதான். ரைட்டுல குழா புடிக்கணுமே" என்று சொல்லும்போதே உங்களுக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் போனபின் அவர் நிலத்துக்கும் நீங்கள்தான் தெளித்துக்கொண்டிருந்தீர்கள். இரண்டு வீட்டுப் பயிருக்கும் ஒரே இடக்கை. அன்றைக்குத்தான் அண்ணனை நினைத்து நீங்கள் வாய்விட்டு அழுதீர்கள். அதுவரை உங்களைப் பற்றிய பயமே அந்த அழுகைக்கு இடம் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

வெந்நீர் ஒத்தடம், முடிச்சை அழுத்திவிடுவது, வாசல் நிலையில் கையை ஊன்றி நெஞ்சை விரிக்கும் பயிற்சி. பேட்டரி ஸ்பிரேயர் வந்தது. நான் வரும்போதெல்லாம் அளந்தோம். எண் இறங்கியது. ஒருமுறை ஏறிவிட்டது, உங்கள் முகம் வெளுத்துப்போனது. முந்தைய நாள் பேட்டரி தீர்ந்து பழைய டேங்கையே தூக்கிக்கொண்டு போனதை அக்கா போட்டுக்கொடுத்தாள். அவள் திட்டத் திட்ட நீங்கள் சிரித்தீர்கள். வலியோடு நீங்கள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மணவூருக்கு நீங்களே பைக்கில் போனீர்கள். யாரையும் கூட வரவேண்டாம் என்றுவிட்டீர்கள். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ரேவதியைக் கூப்பிட்டீர்கள். "நான்தாம்மா பயந்துகினு அவசரப்பட்டுட்டேன். இப்போ கல்யாணம் வேணாம்னு அவங்க கையில சொல்லிட்டேன். நீ படி." அவள் படித்து முடித்து, வேலைக்குப் போய், அவளுக்குப் பிடித்த நேரத்தில் கல்யாணம் செய்துகொண்டதை நீங்கள் இருந்து பார்த்தீர்கள். பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு படி வழியாகவே திருத்தணி மலை ஏறினீர்கள், எந்தத் தோள் என்று நான் கேட்டும் சொல்லாமல்.

போன மழைக்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மூச்சு வாங்க வாங்க என்னைப் பக்கத்தில் கூப்பிட்டீர்கள். "டாக்டரு சொன்னாரு கேட்டியா? இந்த வயசுலயும் என் ஹார்ட்டு நல்லாக் கீதாம்." அதில் எவ்வளவு பெருமை உங்களுக்கு! நீங்கள் போன துக்கம் இருக்கிறது. ஆனால் பயந்து பயந்து போகவில்லையே என்று நினைக்கும்போது என் மூச்சு சீராகிவிடுகிறது.

வலி என்று யார் வந்தாலும் எங்கே வலிக்கிறது என்று கேட்ட கையோடு இன்னொன்றும் கேட்கிறேன், பாவா. "இது இன்னான்னு நெனச்சி பயந்துகினு கீறீங்க?" சிலர் சிரித்து மழுப்புவார்கள். சிலர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, வீட்டில்கூடச் சொல்லாத நோயின் பெயரைச் சொல்வார்கள். டாக்டரிடம் அனுப்பவேண்டியவர்களை அனுப்பிவிடுகிறேன். ஆனால் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்ன உடனேயே, நான் தொடுவதற்கு முன்பே, பலருக்குத் தோள் கொஞ்சம் கீழே இறங்குகிறது.