உறைந்த வடிகட்டி

அன்புள்ள அப்பா,

போன வாரம் ஓர் இரவு தண்ணீர் வடிகட்டியைக் கூடாரத்துக்கு வெளியே விட்டுத் தூங்கியதை நான் ஓரினிடம் சொல்லவில்லை.

உங்கள் முழங்கால் தேவலையா? நான் நலம். எல்க் மான் வேட்டை முகாமில் சமையல் வேலை பழகிவிட்டது.

ஓரின் எங்கள் வழிகாட்டி. ஒற்றைச் சிறுநீரகத்தோடு மலையேறுகிறவர். மறுநாள் காலை ஓடைக்கரையில் வடிகட்டியைக் காட்டிக் கேட்டார்: "இதை உன் தூக்கப்பைக்குள்ளதானே வெச்சிருந்தே? ஒரு தடவை உறைஞ்சா உள்ள விரிசல் விட்டு, கிருமி தண்ணியோட வந்துடும். பாத்தா தெரியாது."

என் கையிலிருந்த வடிகட்டிக்குள் பனிக்கட்டி கிலுகிலுத்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். "கொதிக்க வெச்சுடலாமே" என்று மட்டும் சொன்னேன்.

"ஏம்மா, உன் தண்ணி கொதிக்கிறதுக்குள்ள மான் கனடா தாண்டிடும்!"

சிரித்தபடி ஓடைத் தண்ணீரை அதில் வடித்து, இரண்டு குவளை குடித்தார். மனசு கேட்காமல் நானும் ஒரு குவளை குடித்தேன்.

அதிலிருந்து அவர் வயிற்றில் கைவைக்கிறாரா என்றே பார்த்துக்கொண்டிருக்கிறேன். குளோரின் மாத்திரை அனுப்புங்கள். உங்கள் பழைய கம்பளிக் காலுறையும், கூட இரண்டு வரிக் கடிதமும். தபால் கொண்டுபோகும் கோவேறு கழுதைகள் கிளம்புகின்றன.

உங்கள் வில்லா

பின்குறிப்பு: பனியில் பாதை மூடி, கடிதம் ஒன்பது நாள் என்னிடமே இருந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று காலை, வயிற்றுவலியில் நிமிர முடியாத ஓரினைக் குதிரையில் கட்டிக் கீழே இறக்கினார்கள்.