கதவு திறந்தால் உன் குரல்

அண்ணா,

ஈயம் உருகும் புகை மூக்கில் ஏறியதும், நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் என் முதுகு தானாகக் கூனிக்கொண்டது. உன் பிஸ்கட் டப்பாவில் கிடந்த சர்க்யூட் போர்டைத்தான் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது. கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே போட வேண்டும் என்றார். நீ பாதியில் விட்டதை முடிக்க வீட்டில் வேறு ஆள் இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டு வீட்டிலேயே இருந்தவன் நீ. வேலை வராத வாரங்களில் நம் வீட்டையே செல்போனுக்குள் கொண்டுவரப் பார்த்தாய். விளக்கு, மோட்டார், கடைசியில் வாசல் கதவு. கதவு திறந்தால் உன் செல்போன் சொல்லும். அதற்கு, அதிகம் பேசாத என்னைக் கேலி செய்து, உன் குரலையே பதிந்து வைத்தாய்: "ஊமை கெளம்பிருச்சு." முதல் நாள் கேட்டு அப்பாவே சிரித்தார். நானும் சிரித்துத்தான் வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது ஆரம்பித்தாய்.

"பஸ்ஸு ஏழே முக்காலுக்கு. இவ ஏழுக்கே கதவத் தொறக்கறா, டெய்லி. நடுவுல எங்க போறான்னு கேளுங்கப்பா."

அப்பா கேட்டார். மூன்று பேரும் என் வாயைப் பார்த்தீர்கள். அப்படிப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும்.

"பாத்தீங்களா, பதிலே இல்ல," என்றாய்.

பத்தாம் வகுப்பின் பாதியில் என்னை நிறுத்தினார்கள். அடுத்த வாரமே கதவிலிருந்த ஒயரைப் பிடுங்கினாய். "இனி இவ எங்க போவப் போறா," என்றபடி எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடினாய்.

இப்போது சொல்கிறேன். நம் ஊருக்கு வரும்போது அந்த பஸ்ஸில் நிற்கவே இடமிருக்காது. ஆம்பளைகளை இடித்துக்கொண்டு ஏற எனக்குக் கூச்சம். அதனால் மாரண்டஹள்ளி வரைக்கும் நடந்துபோய், பஸ் ஸ்டாண்டில் காலியாக நிற்கும்போதே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன். அவ்வளவுதான். அந்தக் கூச்சத்தைச் சொல்லவும் கூச்சம். என்றைக்காவது உன்னிடம் சொல்லலாம் என்றிருந்தேன். நீ தொப்பூர் இறக்கத்தில் லாரிக்கு அடியில் போய்விட்டாய். அழுதேன். அழுதுகொண்டே, இனி என்னை யாரும் வேவு பார்க்க மாட்டார்கள் என்றும் நினைத்தேன்.

எந்த ஒயர் எதற்கு என்று தெரியாமல், நீ நோட்டில் வரைந்திருந்தபடியே எல்லாவற்றையும் மாட்டினேன், கதவு ஒயர் உட்பட. மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கக் கதவைத் திறந்தேன்.

"ஊமை கெளம்பிருச்சு."

உன் படங்களைப் பார்ப்பதற்காக அம்மா இன்னும் உன் செல்போனுக்குச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள். அரிசி களைந்த கையோடு ஓடிவந்து அதைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொருக்கா தொற பாப்பா."

திறந்தேன்.

"இன்னொருக்கா."

கை ஓயும்வரை திறந்து மூடினேன். பிறகு சொன்னேன், "அந்தக் குரல எடுத்துடறேம்மா. புரோகிராம்ல ஒரே வரிதான்."

"எம்புள்ள பேசறது அது ஒண்ணுதான் இருக்குது. உன்னையத்தான கூப்பிடறான், உனக்கென்ன வலிக்குது?"

மோட்டார் ஓடிய சந்தோஷத்தில், பத்தாவதைத் தனியாக எழுத அப்பா ஒத்துக்கொண்டார். இப்போது பாலக்கோட்டில் டியூஷனுக்குப் போகிறேன். தினமும் நீ கத்துகிறாய். நேற்று மட்டும் பின்பக்கமாகக் கிளம்பினேன். அம்மா உன் செல்போனை மடியில் வைத்தபடி கூப்பிட்டாள்.

"முன்வாசல்ல போ பாப்பா. அவன் காத்துட்டு இருக்கான்."

திரும்பி வந்து முன்கதவைத் திறந்தேன். மாரண்டஹள்ளி வரைக்கும் நீ கூடவே வந்தாய். பஸ் காலியாக நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.