உப்புத்தாள் போட்ட ஐசிங்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் நால்வரின் நலத்தையும் நேற்று போனிலேயே பார்த்தாகிவிட்டது. குட்டிப்பயலுக்கு மேல்வரிசையிலும் பல் முளைக்கிறது என்று மாப்பிள்ளை போனைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினார். பல்லைத் தவிர மற்றதெல்லாம் தெரிந்தது. அப்புறம் எதற்கு இந்தக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் பாப்பா உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். மகளும் மாப்பிள்ளையும் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் உன்னிடம் என்னத்தைப் பேசுவது? சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, மழை உண்டா. அதோடு பேச்சு முடிந்துபோகிறது.

இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது. எதிர்வீட்டு டெய்லரம்மாவின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள். வருஷா வருஷம் நீ ஐசிங் போட்டுக் கொடுக்கிற பிஸ்கட் இல்லாமல் அந்த வீட்டில் பிறந்தநாள் ஏது? டெய்லரம்மா ஒரு வாரம் முன்னதாகவே வந்து நின்றாள். “அண்ணே, அக்கா எப்ப வர்றாங்க? இவ இப்பவே பிஸ்கட் பிஸ்கட்டுன்னு என் உயிரை வாங்குறா” என்றாள். நான் யோசிக்கவே இல்லை, சனிக்கிழமை வந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று போனாய். பிறந்த பிள்ளைக்குப் பல்லே முளைத்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் கேட்டாலும் பட்டறையில் கேட்டாலும், இதோ வந்துவிடுவாள் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

சனிக்கிழமை வந்தது. நீ வரவில்லை. பேக்கரியில் மொட்டை பிஸ்கட்டாக வாங்கிவந்து, ஐசிங்கை நானே போடுவது என்று இறங்கினேன். சீனியும் பாலும்தானே, இத்தனை வருஷம் காருக்குப் பெயிண்ட் கலக்கியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று ஒரு திமிர். சீனியை மிக்ஸியில் அரைத்தேன். மூடியைத் திறந்தால் குப்பென்று புகை மாதிரி கிளம்பி மீசையெல்லாம் வெள்ளை. சலித்து, கொஞ்சம் சோளமாவு சேர்த்து, பாலை ஊற்றினேன். தின்னர் ஊற்றிப் பழகிய கை, சொல்பேச்சு கேட்குமா? மோர் மாதிரி ஓடிற்று. சீனி போட்டால் கல்லாகிறது, பால் விட்டால் தண்ணீராகிறது. இப்படியே மாற்றி மாற்றிப் போட்டு, சின்னக் கிண்ணத்தில் ஆரம்பித்தது குண்டானுக்கு வந்துவிட்டது. நீ பாலை ஸ்பூனால் சொட்டுச் சொட்டாக விடுவாயே, அப்போதெல்லாம் என்ன இவ்வளவு மெதுவாகச் செய்கிறாள் என்று நினைத்திருக்கிறேன். கடைசியில் நானும் அப்படித்தான் விட்டேன். எலுமிச்சைச் சாறு சில துளி விட்டதும் பளபளவென்று வந்தது பார், எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. பால் கவரைக் கழுவித் துடைத்து, மூலையைக் கத்தரித்து, அதில் நிரப்பிப் பிழிந்தேன்.

பட்டறை வழக்கப்படி முதல் கோட் மெல்லிசாகப் போட்டு ஃபேனுக்கு அடியில் காயவிட்டேன். காய்ந்த பிறகு பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருந்தது. அதை அப்படியே விட எனக்கு மனசு வருமா? உப்புத்தாளை எடுத்து லேசாகத் தேய்த்தேன். சிரிக்காதே. புதுத் தாள், சத்தியமாக. நன்றாக ஊதித் துடைத்துவிட்டுத்தான் இரண்டாவது கோட் போட்டேன். கார் பானெட் மாதிரி வழவழவென்று வந்தது. மேலே அந்தப் பெண்ணின் பெயரைச் சிவப்பில் எழுதி, ஞாயிறு காலையிலேயே தட்டோடு அவர்கள் வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு, அவள் திறப்பதற்குள் வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

சாயந்திரம் டெய்லரம்மா தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிறாள். நீ வந்துவிட்டாய் என்றே நினைத்துக்கொண்டாள், பாவம். “என்னண்ணே, அக்கா கைப்பக்குவம் மாறிப்போச்சு? பார்க்க ஜோரா இருக்கு, கடிச்சா மண்ணு மாதிரி நறநறங்குது. எங்கே அவங்க?” என்றாள். குளிக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். சரி, பார்த்துவிட்டே போகிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் என்ன செய்வேன்? பின்பக்கம் போய், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வந்தேன்.

வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவள் பிறந்தநாள் விசேஷத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. நீ உள்ளே குளித்துக்கொண்டிருக்கிறாய், நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன் என்று இருந்தது. கொஞ்ச நேரம்தான். எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? வாளி நிரம்பித் தண்ணீர் வழிய ஆரம்பித்தது. எழுந்துபோய் நிறுத்திவிட்டு, அங்கேயே கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன். வந்து உண்மையைச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. “அக்காகிட்ட வான்னு கேட்டீங்களா அண்ணே?” என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப அவங்க எப்படி வருவாங்க?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பாப்பா போன வாரம் எனக்குத் தனியாகப் போன் செய்தாள். “அம்மா இங்கயே இருந்தா எனக்கு நிம்மதியா இருக்குப்பா. விசாவை நீட்டிச்சுக் கேட்கட்டுமா? நீங்க என்ன சொல்றீங்க?” என்றாள். நான் பெரிய மனுஷன் மாதிரி, அம்மா இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். அப்பா சரி என்றுவிட்டார் என்று அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். நான் சரி என்று சொல்லவில்லை. எனக்கு இது கொஞ்சமும் சரியாக இல்லை.

அவள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். தெரிந்தும் கேட்கிறேன். வந்துவிடு. கல்யாணமான நாளிலிருந்து உன்னிடம் இப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. நீ கூடவே இருந்தாய், சொல்லத் தேவைப்படவில்லை. வர முடியாது என்றால் அதை நீயே எழுது. பாப்பாவைச் சொல்லச் சொல்லாதே.

குட்டிப்பயலுக்கு என் முத்தம். நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்கட்டும். அவனுக்கு அம்மா இருக்கிறாள், அப்பா இருக்கிறார். எனக்கு நீ மட்டும்தான்.

இப்படிக்கு,
உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
பாப்பா அப்பா