சவுரிமுத்து போட்ட கையெழுத்து

இரும்புலியூர்
14.8.1991

அன்புள்ள தாமுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம், என் வலது மணிக்கட்டைத் தவிர. மஸ்கட் வெயிலில் உன் உடம்பு எப்படி? போன மாதம் நான் தாம்பரம் ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை காமு எழுதுகிறாள். (அண்ணா, அம்மாவுக்குக் கையில் கட்டு, எனக்கு வாயில் கட்டு. சொன்னதை மட்டும்தான் எழுதணுமாம்.)

வக்கீல் வேலை போதும், அந்த இலவச சட்ட உதவி டிரஸ்டை விட்டுவிடு என்று எழுதியிருந்தாய். வாரத்தில் இரண்டு நாள் அங்கே உட்கார்ந்து இல்லாதவர்களுக்கு இலவசமாக உயில் எழுதித் தருவதில் எனக்கென்ன கஷ்டம், நான் போகாத அன்றுதான் கஷ்டம் வந்தது. பம்மல் அந்தோணிசாமி, தோல் ஷெட்டில் வேலை பார்த்தவர், பிள்ளைகுட்டி கிடையாது, பக்கத்து வீட்டு ஞானம்மாள்தான் பல வருஷமாகச் சோறு போடுகிறாள். வீட்டை அவளுக்கே எழுதச் சொன்னார், எழுதி வைத்தேன். கையெழுத்துப் போடும் அன்று நான் விழுந்துவிட்டேன், இரண்டாவது சாட்சியும் வரவில்லை. துணைக்கு வந்த ஞானம்மாள் புருஷன் சவுரிமுத்து, "இதுக்கு இன்னாத்துக்கு ஆளத் தேடிகினு கீறீங்க, நான் போட்றேன்" என்று பெருமையாகப் போட்டுவிட்டார். கிறிஸ்தவர் உயிலில் சாட்சி போட்டவருக்கோ அவர் பெண்டாட்டிக்கோ எழுதியது செல்லாது. அப்படியே விட்டிருந்தால், பெரியவரை எட்டியே பார்க்காத அவர் அண்ணன் மகனுக்கு வீடு போயிருக்கும்.

அடுத்த முறை டிரஸ்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது, அதற்குள் பெரியவரை மூச்சுத்திணறல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். காமுவைப் புது உயில் டைப் அடிக்க வைத்து ஓடினோம். "இன்னும் எத்தினி தபாம்மா நான் சாவுக்கு ரெடியாவறது" என்று திட்டிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். டாக்டரும் நர்ஸும் சாட்சி. பேனாவைக் கண்டதும் சவுரிமுத்து வராந்தாவுக்கு ஓடிவிட்டார். இப்போது பெரியவர் வீடு திரும்பி, குழம்பில் உப்பு குறைந்தால் உயிலை மாற்றிவிடுவேன் என்று ஞானம்மாளை மிரட்டுகிறாராம்.

ஆகையால் வேலையை விடுவதாக இல்லை, படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு. வரும்போது காமுவுக்கு டேப் ரிக்கார்டர் மறக்காதே. (சத்தியமாக இது அம்மா சொன்னதுதான்.)

இப்படிக்கு
இடது கையால், உன் அம்மா காந்திமதி

அண்ணா, கீழே சாட்சி என்று என் பெயரைப் போடப் போனேன். போட்டால் டேப் ரிக்கார்டர் போச்சு. ஆகவே இந்தக் கடிதத்தை நான் பார்க்கவே இல்லை.