நான் கத்தரித்து அனுப்பிய மாத்திரைகள்

அன்பு மகள் வார்ட்டினிக்கு அம்மாவின் ஸலாம். இங்கே நானும் உன் அப்பாவும் கோழிகளும் சுகம், தைவானில் நீயும் சுகமாக இருக்க அல்லாவிடம் கேட்டபடி இருக்கிறோம். மாத்திரைப் பையைத் தொடாதே என்று போனில் சொன்னதும் ஏன் ஏன் என்று துளைத்தாய், பக்கத்தில் உன் அப்பா சிரித்துக்கொண்டு நின்றதால் வெட்கத்தில் வைத்துவிட்டேன், இப்போது எழுதுகிறேன்.

போன மாதம் நாற்று நட்டுவிட்டு வந்த உன் அப்பாவுக்குத் தலைவலி, சளிக்காய்ச்சல், பல்வலி மூன்றும் சேர்ந்து வந்தன. மாத்திரையும் விற்கிற நம் பெட்டிக்கடை இருக்க என்ன கவலை, தலைக்குச் சிவப்பு, சளிக்குப் பச்சை, பல்லுக்கு மஞ்சள் என்று அட்டையிலிருந்து கத்தரித்து, மூன்றையும் மூன்று வேளையும் நான்கு நாள் கொடுத்தேன். பதினெட்டு வருஷமாகத் தெருவுக்கே அப்படித்தானே கொடுக்கிறேன், பின்பக்கம் என்ன அச்சடித்திருக்கிறது என்று திருப்பிப் பார்த்ததில்லை, பார்த்தாலும் பாதி எழுத்து பக்கத்து வீட்டு தார்சி வாங்கிப்போன துண்டோடு போயிருக்கும். ஐந்தாம் நாள் ஒரே வாந்தி, தினமும் தின்னும் சோயா டெம்பேயைக் கண்டாலே முகத்தைத் திருப்பினார். உடம்பில் காற்றுப் புகுந்துவிட்டது என்று மேதாவி நான் எண்ணெய் தடவிக் காசால் அவர் முதுகைச் சுரண்டியதுதான் மிச்சம், கண் மஞ்சளானது. சுகாதார நிலையத்தில் எண்டா என்கிற நர்ஸ், என்ன கொடுத்தீங்க என்றாள், பெருமையாக மூன்று முழு அட்டைகளைக் கொண்டுபோய் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் படித்தாள். ஒன்றில் கூடவே கஃபீன், ஒன்றில் கூடவே சளி மருந்து, ஆனால் மூன்றிலும் பாராசிட்டமால். ஒரே ஆளு மூணு சட்டை மாத்திக்கிட்டு வந்திருக்கான், நீங்க மூணு பேருன்னு நினைச்சு உள்ளே விட்டிருக்கீங்க, மாமாவோட ஈரல் தாங்குமாம்மா என்று திட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அங்கே வராந்தாவில் நான் அழுத அழுகையை அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். ஒரு வாரம் கழித்து எழுந்து உட்கார்ந்தவர் என்னிடம் முதலில் சொன்னது, டாக்டரம்மா, அடுத்த தடவை ஒரே ஒரு வியாதியோட வரேன், உயிரோட விடு.

அப்போதுதான் தைவானுக்கு வந்த தார்சியின் மகளிடம் உனக்குக் கொடுத்தனுப்பிய பை நினைவுக்கு வந்து உனக்குப் போன் செய்தேன். அதுவும் அதே மூன்று நிறம்தான், அட்டை எழுத்தெல்லாம் கத்தரிக்கோலில் போய், தலை, சளி, பல் என்று என் கையெழுத்து மட்டும் இருக்கும். எல்லாவற்றையும் குப்பையில் போடு. உடம்புக்கு முடியாமல் போனால் அங்கே மருந்துக்கடையில் பெட்டியோடு வாங்கு, உள்ளே என்ன மருந்து என்று கேட்டுக்கொள், இரண்டு பெட்டியில் ஒரே பெயர் இருந்தால் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடு. அம்மா கொடுத்தால் எதையும் கேள்வி கேட்காமல் விழுங்கும் பிள்ளை நீ, அதுதான் பயம்.

அல்லா உன் உடம்பையும் வேலையையும் காக்கட்டும். பையை எறிந்ததும் போன் செய். மற்ற எல்லாவற்றிலும் நம்பு, மாத்திரை விஷயத்தில் மட்டும் இந்தக் கையெழுத்தை நம்பாதே.

இப்படிக்கு,
டாக்டர் பட்டம் பறிபோன உன் அம்மா,
சுதர்மி