முருகன் விடாத காவடி

மச்சான்,

இன்று காலை கராஜ் கதவைத் தூக்கியதும் முதல் வேலையாக மூச்சை இழுத்து மோந்து பார்த்தேன். வார்னிஷ் மணம் இல்லை! காவடியின் தோள்கட்டையில் நகத்தை அழுத்தினேன். தடம் விழவில்லை. சந்தோசத்தில் தனியாக நின்று கத்தினேனடா. பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது.

நீ எங்களை விட்டுப் போய் இது இரண்டாவது ஆடி. இன்று ஆடிவேல் திருவிழாவுக்கு உன் மகள் முதன்முதலாகக் காவடி எடுத்தாள். நாம் இருவரும் சேர்ந்து செய்த அதே காவடி. அதுவும் தாயின் கல்யாணக் கூறைச்சேலையை உடுத்துக்கொண்டுதான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள், உன்னைப் போலவே. வார்னிஷ் கொஞ்சம் இளகியிருந்தாலும் கூறை பாழ். மூன்று கிழமையாக எனக்கு அதே யோசனைதான்.

எல்லாம் உன்னால் வந்த பயம். நாம் காவடி செய்த அந்த வருடம் திருவிழாவுக்கு நாலே நாள் இருக்கும்போது வார்னிஷ் டின்னோடு வந்து இறங்கினாய்.

"ஆடிக்காத்துக்கு ஒரு நாளில காய்ஞ்சிடும் மச்சான்."

அது ஊர் ஆடி. மெல்பேர்ண் ஆடிக் குளிரில் கராஜுக்குள் வாயைத் திறந்தாலே புகை வரும். சொன்னேன், கேட்டாயா? தடிப்பாக ஒரு பூச்சு, அது காய முதலே மேலே இன்னொன்று. ஹீட்டரைப் பக்கத்தில் வைத்ததில் மேல்தோல் மட்டும் காய்ந்தது. "பார், காய்ஞ்சிட்டுது" என்று தட்டிக் காட்டினாய். நானும் நம்பினேன்.

வெறும் தோளில் காவடியோடு கோயிலைச் சுற்றி என்ன ஆட்டம் ஆடினாய்! உடம்புச் சூட்டில் உள்ளே இருந்த வார்னிஷ் இளகிவிட்டது. இறக்கப் போனால் காவடி தோளை விட்டு வரவில்லை. ஐயர் திகைத்து நிற்க, நான் தேங்காயெண்ணெய் தேடி ஓட, நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய்.

"முருகன் விடுறார் இல்லை மச்சான்!"

கடைசியில் கொஞ்சத் தோலையும் எடுத்துக்கொண்டுதான் கழன்றது.

இந்த முறை டின்னைச் சுடுதண்ணீருக்குள் வைத்து எடுத்து, மெல்லிசாக மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையில் நாட்கணக்கில் காத்திருந்தேன். உன் தோள் வார்னிஷை உரித்தெடுத்த இடத்தையும் தேய்த்து மினுக்கிவிட்டேன். உன் தடம் போய்விட்டது, மன்னித்துக்கொள்.

கோயிலில் அவள் உன்னைப் போலத்தான் ஆடினாள். இறக்கும் நேரம் நான் மூச்சே விடவில்லை. காவடி இலேசாக வந்துவிட்டது. கூறையில் ஒரு கறைகூட இல்லை.

"பாருங்கோ அங்கிள், ஒட்டேல்ல!" என்று துள்ளினாள். பிறகு சற்றுக் குரல் தணிந்து, "அப்பாவை மட்டும்தான் முருகன் விடேல்ல, என்ன?"

"ஓம் பிள்ளை" என்றேன். 

வீட்டுக்கு வந்து காவடியை கராஜில் வைக்கும் முன் என் தோளில் ஒருமுறை ஏற்றிப் பார்த்தேன். அங்கேயும் ஒட்டவில்லை, சுகமாகக் கழன்றது. நீதான் இன்னும் கழலவில்லை, மச்சான்.